நேராத பழுதின் கணக்கு



தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் திறக்கப்பட்டது. இராயபுரத்தில் தொடங்கி வாலாஜா ரோடு வரையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை, இன்று அம்பத்தூர் என்றும் ஆவடி என்றும் நாம் வழங்கும் ஊர்களின் ஏரிக்கரைகளையும் வயல்களையும் ஊடறுத்து மேற்கே சென்றது. அதே ஆண்டில், அதே பாதையின்மீது, பெரம்பூரில் ஒரு சிறிய பழுதுபார்க்கும் பட்டறையும் தோன்றியது. வண்டி ஓடத் தொடங்கிய போதே வண்டி பழுதாகும் என்பதையும் சென்னை இரயில்வேக் கம்பெனியார் அறிந்திருந்தனர் என்று இதனால் தெரிகிறது.

பாதை எத்தனை மைல், பாலங்கள் எத்தனை, மூலதனம் எவ்வளவு என்பவற்றுக்கெல்லாம் ஏடுகளில் கணக்கு உண்டு. பழுதான எஞ்சினைச் செப்பனிடும் வித்தையை நம் நாட்டுத் தொழிலாளி எவ்வாறு கற்றான், கற்கும் காலத்தில் அவன் வீட்டில் உலை எவ்வாறு கொதித்தது, கற்பித்ததனால் எவருக்கு என்ன ஆதாயம் என்பவற்றுக்குக் கணக்குக் காண்பது அரிது. கனரக இயந்திரங்களைப் பேணுவதற்கு அளிக்கும் பயிற்சியின் செலவும் பயனும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நான் வரலாற்று ஆசிரியன். ஸ்பேனரைக் கையில் எடுத்தவன் அல்லன். ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகள் ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பள்ளிகளில் பணியாற்றியவன் ஆதலின், என் மாணவர் பலர் பட்டறைகளுக்கே சென்றனர். அவர்கள் எனக்குச் சொல்லித் தந்தது மிகுதி.

பெரம்பூருக்கு மீண்டும் வருவோம். எஞ்சின்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. அவற்றைச் செலுத்துவோரும் செப்பனிடுவோரில் தலைமையானவரும் உடன் வந்தனர். கம்பெனியார் போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் வட்டி கிடைக்கும் என்று அரசாங்கம் உறுதி அளித்திருந்தது. ஆதாயம் குறைந்தால் ஈடு செய்வது நம் நாட்டு மக்களின் வரிப்பணம். எனவே வெளிநாட்டாரை மிக்க ஊதியத்தில் அமர்த்துவதை விட்டு உள்நாட்டாரைப் பயிற்றுவோம் என்ற அவசரம் கம்பெனிக்கு இருக்கவில்லை. நம்மவர் கலாசிகளாகவும் எடுபிடிகளாகவும் சேர்ந்தனர். மேஸ்திரியின் அருகில் நின்று, அவர் கேட்ட கருவியை எடுத்துக் கொடுத்து, அவர் திருகுவதைக் கண்ணால் களவாடிக் கற்றனர். கொதிகலனை எப்போது கழுவவேண்டும், தாங்கிகளுக்கு எத்தனை மைலுக்கு ஒருமுறை எண்ணெய் இடவேண்டும் என்பதெல்லாம் பிள்ளைக்குத் தந்தையும் மருமகனுக்கு மாமனும் சொல்லி வைத்த இரகசியங்களாயின. இம்முறையில் செலவே இல்லை என்று கருதுவோர் உளர். செலவு உண்டு, ஆனால் அது பணமாக அன்றிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கழிந்தது. ஆண்டுகளைக் கணக்குப் பிள்ளைகள் பேரேட்டில் பதிவதில்லை.

இந்த மெத்தனத்தைக் கலைத்தது போர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆவடி இராணுவக் கிடங்காக மாறியது. லாரிகளும் பீரங்கி இழுக்கும் வண்டிகளும் வந்து குவிந்தன. பேணுவதற்குக் கைகள் போதவில்லை. இந்நிலை இங்கு மட்டும் அன்று. பிரிட்டனில் வில்லியம் பெவரிட்ஜ் தலைமையில் அமைந்த குழு ஒன்று, படையில் சேர்ந்த தேர்ந்த தொழில்திறனாளர்கள் பலர் தம் திறனுக்கு ஒவ்வாத வேலைகளில் வீணாக்கப்படுகின்றனர் என்று கண்டது. அதன் விளைவாக, படையின் இயந்திரங்களைப் பேணுவதற்கென்றே 1942இல் அங்கு ஒரு தனிப் பிரிவு தோன்றியது. இந்தியப் படையிலும் 1943இல் அத்தகைய மின் இயந்திரப் பொறியியல் பிரிவு உருவாயிற்று. 1940இல் இந்திய அரசாங்கம் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1941 முதல் எர்னஸ்ட் பெவின் பெயரால் வழங்கிய திட்டத்தின்கீழ் நம் இளைஞர் சிலர் பிரிட்டனுக்கே சென்று தொழிற்சாலைகளில் பயின்று திரும்பினர். பத்தாண்டில் கண்ணால் களவாடிக் கற்றதைச் சில திங்களில் முறையாகக் கற்பிக்க முடியும் என்பது அப்போது விளங்கிற்று. விடுதலைக்குப் பின் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், அதன்கீழ் எழுந்த தொழிற்பயிற்சி நிலையங்களும் இவ்வழியில் வந்தவையே.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. பாடநூல்களில் ஆவடிக்கு அந்த ஒரு வரி உண்டு. தேர்வுக்கும் அது வரும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால், ஆவடியின் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி ஆறாண்டு கழித்து நடந்தது. 1961இல் விக்கர்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தோடு இந்திய அரசு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, டாங்கிகளை உருவாக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையை ஆவடியில் நிறுவிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியும், பின்னர்ப் படிப்படியாகப் பாகங்களை இங்கேயே செய்தும் வேலை நடந்தது. 1965இல் முதல் டாங்கி வெளிவந்தது. அதற்கு ‘விஜயந்தா’ என்று பெயர்.

இந்த விஜயந்தாவின் எஞ்சினைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். லேலண்ட் நிறுவனத்தின் எல்-60 என்னும் அவ்வெஞ்சின் பலவகை எரிபொருள்களிலும் ஓடவேண்டும் என்ற நோக்கத்தோடு வகுக்கப்பட்டது. நாம் சாலையில் காணும் லாரி எஞ்சினில் ஓர் உருளைக்கு ஒரு பிஸ்டன். இதிலோ ஆறு உருளைகள், பன்னிரண்டு பிஸ்டன்கள். ஒவ்வோர் உருளைக்குள்ளும் மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாக இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் நெருங்கும். அந்த இடுக்கில் எரிபொருள் வெடிக்கும். மேலே ஒரு சுழல்தண்டு, கீழே ஒரு சுழல்தண்டு. இரண்டையும் பல்சக்கரங்கள் இணைக்கும். அழகிய ஏற்பாடுதான். ஆனால் தொல்லை மிக்கது. பிரிட்டிஷாரின் சீஃப்டன் டாங்கியிலும் இதே எஞ்சின் இருந்தது; உருளையின் உட்குழாயைச் சுற்றியுள்ள அடைப்புகள் கெட்டு நீர் கசிவதும், அதனால் வண்டி நின்றுபோவதும் பிரிட்டிஷாருக்கே தீராத தலைவலியாக இருந்தன. லாரி எஞ்சின்களில் பழகிய கை இதனிடம் வந்தால் முதல் எழுத்திலிருந்து மீண்டும் படிக்கவேண்டும். டாங்கியை விலைக்கு வாங்கலாம், வரைபடத்தையும் வாங்கலாம். கசிவின் முதல் அறிகுறியைக் கண்டு எஞ்சினை நிறுத்தச் சொல்லும் அனுபவத்தை எந்த ஒப்பந்தத்தின் வழியாகவும் வாங்க முடியாது.

அதே 1965ஆம் ஆண்டு செப்டம்பரில், பஞ்சாபில் கேம்கரண் அருகே அசல் உத்தர் என்ற சிற்றூரில் பெரும் டாங்கிப் போர் நிகழ்ந்தது. பாகிஸ்தான் படையிடம் அமெரிக்கர் அளித்த பேட்டன் டாங்கிகள் இருந்தன. அக்காலத்தில் உயர்ந்த இயந்திரங்கள் அவை. தொண்ணூறுக்கும் மேற்பட்டவை அழிக்கப்பட்டோ கைவிடப்பட்டோ போயின என்பது நம் படையினரின் கணக்கு. நீர் தேக்கப்பட்ட வயல்கள், கரும்புத் தோட்டங்களில் மறைந்திருந்த நம் வீரர்களின் தீரம், எதிரிகளின் திட்டக் கோளாறு எனக் காரணங்கள் பல. அந்தப் புதிய இயந்திரங்களின் நுட்பங்களில் அவர்களுடைய வீரர்கள் போதிய பயிற்சி பெறவில்லை என்பதையும் போர் வரலாற்றாசிரியர் பலர் சேர்த்துச் சொல்வர். அதை ஒன்றே காரணம் என்று சொன்னால் நான் வரலாற்றுக்குப் பிழை செய்தவனாவேன். காரணங்களுள் ஒன்று என்பது மிகையன்று.

இப்போது செலவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1964இல் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் ‘மனித மூலதனம்’ பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பயிற்சியை அவர் இரண்டாகப் பிரித்தார். எங்குச் சென்றாலும் பயன்படும் பொதுப்பயிற்சி ஒன்று. அந்தத் தொழிற்சாலையில் மட்டுமே பயன்படும் தனிப்பயிற்சி மற்றொன்று. எல்-60 எஞ்சினின் அடைப்புகளைச் சரிபார்க்கும் அறிவு ஆவடியை விட்டால் இந்நாட்டில் வேறெங்கும் அதிகம் விலைபோகாது. ஆகவே அதற்குத் தொழிற்சாலையே செலவிடும். அரம் பிடிக்கவும் லேத் ஓட்டவும் கற்றவனோ அம்பத்தூரிலும் விலைபோவான், கோயமுத்தூரிலும் விலைபோவான். அவனைப் பயிற்றுவிக்கும் முதலாளி, ‘நான் கற்றுக்கொடுக்க, பக்கத்துப் பட்டறைக்காரன் பத்து ரூபாய் கூடக் கொடுத்து அழைத்துக்கொள்வானே’ என்று தயங்குவான். அப்படியானால் பொதுப்பயிற்சியின் விலையைத் தருபவர் யார்? கற்கும் காலத்தில் குறைந்த கூலியை ஏற்று, கற்பவனே தருகிறான் என்று பெக்கர் விடை கூறினார்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியதும் அந்த 1964ஆம் ஆண்டில்தான். சிறிதும் பெரிதுமாகப் பட்டறைகள் அங்கு நெருங்கி எழுந்தன. பெரிய தொழிற்சாலை தன் மதிலுக்குள் பயிற்சிக்கூடம் கட்டிக்கொள்ளும். பத்துப்பேர் வேலை செய்யும் பட்டறை என்ன செய்யும்? இத்தயக்கத்தை உடைப்பதற்கே 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டு, 1962 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட தொழில்களில் இத்தனை பேருக்கு இவ்வளவு பழகுநரை எடுத்துப் பயிற்றத்தான் வேண்டும் என்று சட்டம் விதித்தது. பழகுநருக்கு உதவித்தொகை உண்டு, ஊதியம் இல்லை. பயிற்சி முடிந்தபின் வேலை தரவேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்பதையும் அச்சட்டமே சொல்லிற்று. பெக்கரின் விடை ஏட்டில் சரியாகத்தான் இருக்கிறது. அவ்விடையில் விடுபட்ட ஒன்றை எனக்குக் காட்டியவர் பூவிருந்தவல்லியில் பூ விற்ற ஒரு தந்தை.

1987ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்று மூன்றாண்டு ஆகியிருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாணவன், கணக்கில் கெட்டிக்காரன், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரத் தகுதி பெற்றிருந்தான். அதே வேளையில் ஒரு பட்டறையில் அன்றாடக் கூலிக்கு வேலையும் காத்திருந்தது. தந்தையை வகுப்பறைக்கே அழைத்து, கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினேன். பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு, பழகுநராக ஓராண்டு. மூன்றாண்டில் இழக்கும் கூலி இவ்வளவு. பின்னர் முப்பதாண்டில் கூடுதலாகப் பெறும் ஊதியம் இவ்வளவு. கணக்கு எனக்கு மிகத் தெளிவாக இருந்தது. அவர் நெடுநேரம் பலகையைப் பார்த்தார்.

“எல்லாம் சரிதான் சார். மூணு வருஷம்னு சொல்றீங்க. வட்டிக்காரன் மூணு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருப்பானா?” என்றார்.

நான் வட்டிக்கு ஒரு பத்தி போடவில்லை. மகளின் திருமணத்துக்கு வாங்கிய கடன் என்று பின்னர் அறிந்தேன். பையன் பட்டறைக்குச் சென்றான்.

அங்கு அவனுக்கு வாய்த்தது ஒரு பவர் பிரஸ். தகட்டை அச்சில் வைத்து மிதியை அழுத்தினால் மேலிருந்து பாரம் இறங்கி வெட்டும். ஒருமுறை மிதித்தால் ஒருமுறை இறங்கி நிற்கவேண்டியது அதன் இயல்பு. அவ்வாறு நிறுத்துவது கிளட்சில் உள்ள ஒரு சிறு சாவித்துண்டு. அது தேய்ந்துவிட்டால், மிதிக்காமலேயே இயந்திரம் இரண்டாம் முறையும் இறங்கும். தேய்மானத்தை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும் என்று அங்கு எவருக்கும் எவரும் கற்பிக்கவில்லை. பார்க்கத் தெரிந்த ஆளும் இல்லை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அது இரண்டாம் முறை இறங்கியது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. ஒரு மணி நேர வேலை அச்சாவியை மாற்றுவது. இதை எனக்கு விளக்கியவனும் அவனே. மருத்துவமனையில் பார்க்கச் சென்றபோது, இடக்கையால் என் நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து காட்டினான்.

பயிற்சியின் செலவு முதல் நாளே கண்ணுக்குத் தெரிகிறது: ஆசிரியருக்குச் சம்பளம், பாழாகும் இரும்பு, நிறுத்தி வைத்த இயந்திரம், பழகுநரின் உதவித்தொகை. பயனோ, நேராமற்போன பழுது; துண்டிக்கப்படாத விரல். நேராத ஒன்றை எந்தப் பேரேட்டில், எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது? பேணும் பயிற்சிக்கு ஒதுக்கும் பணமே நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். கருமித்தனம் அதற்கு அடுத்துத்தான்.

இக்கணக்கைக் கண்ணுக்குத் தெரியச் செய்ய ஜப்பானியர் ஒரு வழி கண்டனர். செய்இச்சி நகாஜிமா என்பார் வகுத்த முழுப் பராமரிப்பு முறை, நிப்பான்டென்சோ என்னும் கார் உதிரிபாக நிறுவனத்தில் 1971 வாக்கில் உருப்பெற்றது. இயந்திரத்தைத் துடைப்பது, எண்ணெயிடுவது, தளர்ந்த போல்ட்டை இறுக்குவது, புதிய ஓசையைக் கவனிப்பது ஆகிய நான்கையும் அதை ஓட்டுபவனே கற்றுச் செய்யவேண்டும். பழுது பார்ப்போர் கடினமானவற்றைப் பார்ப்பர். அவர் தந்த அளவுகோல் நம் பள்ளிக் கணக்குத்தான். இயந்திரம் ஓடவேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஓடியபோது உரிய வேகத்தில் ஓடியதா, செய்த பொருளில் எவ்வளவு தேறியது என்ற மூன்று விகிதங்களையும் பெருக்கவேண்டும். மூன்றிலும் 90 மதிப்பெண் பெற்ற பட்டறையை நீங்கள் மெச்சுவீர்கள். பெருக்கிப் பாருங்கள்: 72.9. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காணாமற்போயிற்று! எங்கே போயிற்று என்று தேடும்போதுதான் தேய்ந்த சாவியும் கசிந்த அடைப்பும் பேரேட்டுக்குள் வருகின்றன.

இத்தகைய ஜப்பானிய முறைகள் நம் வட்டாரத்துக்கும் வந்தன. அம்பத்தூரை அடுத்த பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அப்பரிசை முதன்முதலில் பெற்றது அதுவே. அது தரத்துக்கான பரிசு. எனினும், கீழ்நிலைத் தொழிலாளி வரை எல்லோரையும் பயிற்றாமல் அதை எட்ட முடியாது.

அதற்காகப் பயிற்சி எப்போதும் ஆதாயமே தரும் என்று சொல்லிவிடலாகாது. ஆவடியையே பாருங்கள். எல்-60 எஞ்சினின் குணமறிந்த தொழிலாளர் இருபதாண்டு உழைத்துத் தேர்ச்சி பெற்றபோது, 1980களில் சோவியத் வழிவந்த டி-72 டாங்கி வந்தது. அதன் எஞ்சின் முற்றும் வேறு. பன்னிரண்டு உருளைகள் இருசாரியாக அமைந்தது. அதற்கென 1987இல் ஆவடியில் எஞ்சின் தொழிற்சாலையே தனியாக எழுந்தது. 2009இல் ஆவடியில் உருவான முதல் டி-90 டாங்கி வெளிவந்தது. விஜயந்தா படையிலிருந்து விலக்கப்பட்டுச் சில ஊர்களில் காட்சிப்பொருளாக நிற்கிறது. அதைப் பேணிய அறிவுக்கு இனி வேலை இல்லை. பெக்கர் சொன்ன தனிப்பயிற்சிக்கு இந்த அபாயம் உண்டு: இயந்திரம் போனால் அதுவும் போகும். பழகுநர் என்ற பெயரில் இளைஞரைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கி, காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த அணியை எடுத்த இடங்களும் உண்டு. அங்கு இளைஞன் மூன்றாண்டுகளைச் செலவிட்டான், பயிற்சி மட்டும் நடக்கவில்லை.

சட்டத்தில் மாற்றங்கள் வந்துள்ளன. 2014இல் பழகுநர் சட்டம் திருத்தப்பட்டது. 2016இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்க முன்வந்தது. பூ விற்ற அந்தத் தந்தை இப்போது இருந்தால் இதையும் நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதேனும் கேட்டிருப்பார்.

நான் ஓய்வு பெற்ற பின் ஒருநாள், அந்த மாணவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஐம்பதை நெருங்குகிறான், அம்பத்தூரில் சிறிய கடை வைத்திருக்கிறான். அவன் மகன் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடன் ஏதும் இல்லை என்பதை, நான் கேளாமலே முதலில் சொன்னான். பிறகு ஒரு குறையும் சொன்னான்.

“ஒரு மாசமா ஒரு இரும்புத் துண்டைக் குடுத்து அரம் போடச் சொல்லிக்கிட்டே இருக்காங்களாம் சார். மெஷின் பக்கமே விடலையாம்.”

பையில் அந்தத் துண்டையே கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அளவு சதுரம். மகன் வீட்டுக்கு எடுத்து வந்ததாம். மேசைமேல் வைத்து, மூலைமட்டத்தை அதன் விளிம்பில் பொருத்தி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். மூன்று பக்கங்களில் வெளிச்சம் புகவில்லை. நான்காம் பக்கத்தில் மயிரிழை அளவுக்கு ஒளி தெரிந்தது. அந்தப் பக்கத்தை எஞ்சியிருந்த விரல்களால் இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு வாரம் ஆகும்” என்றான்.